உறவுச்சொல்லும் மரபணுச் சான்றும்: இரைப்பைப் புற்றுநோயின் மரபுவழி இடரைத் தென்காசி வட்டாரக் குடும்ப வரலாறுகளின்வழி அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் கிருமித் தொற்று, புகையிலை, உணவுமுறை ஆகியவற்றால் தோன்றுவது. ஆயினும், மிகச் சிறு பங்கு நோயாளர்களிடத்தில் பெற்றோர்வழி வந்த மரபணுத் திரிபே அடிப்படைக் காரணமாகிறது. அத்தகைய குடும்பங்களை இனங்காணும் முதற்கருவி ஆய்வகச் சோதனை அன்று. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறே. அவ்வரலாறு தமிழில் சொல்லப்படும்போது உறவுச்சொற்களும் நோய்ப்பெயர்களும் மருத்துவ மரபியலின் கணக்கோடு நேரே பொருந்துவதில்லை. இரைப்பைப் புற்றுநோயின் மரபியலை விளக்கி, தென்காசி, குற்றாலம் வட்டார வழக்கை முன்வைத்து, குடும்ப வரலாற்றைப் பிழையின்றிப் பெறும் வழியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இரைப்பைப் புற்றுநோய், மரபணுத் திரிபு, குடும்ப வரலாறு, உறவுமுறைச் சொற்கள், தென்காசி.

முன்னுரை

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்த இவ்வட்டாரம் குற்றால அருவிகளாலும் சிற்றாற்றுப் பாசனத்தாலும் அறியப்படுவது. பீடி சுற்றும் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் இங்கு மிகுதி. ஆடி அமாவாசையன்று குற்றால அருவிக்கரையில் நீத்தார்க்குத் தர்ப்பணம் செய்வோர் திரளுவர். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களை நினைவில் நிறுத்துவது அச்சடங்கின் இயல்பு. மருத்துவ மரபியலார் கேட்பதும் மூன்று தலைமுறைதான். ஆனால், சடங்கு பெயரைக் கேட்கிறது. மரபியலோ யார் எந்த நோயால் எத்தனை வயதில் இறந்தார் என்று கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

இரைப்பைப் புற்றுநோயின் வகையும் காரணமும்

நுண்ணோக்கியின் வழி நோக்கும்போது இரைப்பைப் புற்றுநோய் இரு பெரும் வகையாகத் தோன்றும். ஒன்று குடல்வகை. இதில் புற்றணுக்கள் சுரப்பி வடிவில் கூடிக் கட்டியாக வளரும். மற்றொன்று பரவல்வகை. இதில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவும். அவற்றுள் பல, உட்கருவை ஓரத்தில் ஒதுக்கிய முத்திரை மோதிரம் போன்ற தோற்றம் உடையன. 1965இல் பின்லாந்து அறிஞர் லாரன் வகுத்த இப்பாகுபாடு இன்றும் வழக்கில் உள்ளது.

முதல்வகைக்கு முதன்மைக் காரணம் எலிக்கோபேக்டர் பைலோரி என்னும் கிருமி. பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் 1982இல் இதனை வளர்த்துக் காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இக்கிருமியை முதல்நிலைப் புற்றுக்காரணியாக அறிவித்தது. புகையிலையும் உப்பிட்டுப் பதப்படுத்திய உணவும் துணைக் காரணிகள்.

இந்தியாவில் இக்கிருமித் தொற்று மிகப் பரவலாக இருந்தும், சப்பான், கொரியா போன்ற நாடுகளை நோக்க இந்நோய் குறைவே. இம்முரணை ஆய்வாளர் ‘இந்தியப் புதிர்’ என்பர். நாட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மிசோரத்தில் இந்நோய் மிக அதிகம். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்திவரும் பதிவேட்டில், ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களுள் ஒன்றாக இரைப்பைப் புற்று நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கிருமி ஒன்றே முழு விடை ஆகாது என்பது இதனால் பெறப்படும்.

ஒரு குடும்பத்தின் மரபுவழி அறிவு

மரபுவழி இரைப்பைப் புற்றுக்கான முதல் மரபணுவை உலகம் அறிந்தது நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றினால். அக்குடும்பத்தில் தலைமுறைதோறும் இளவயதினர் இந்நோயால் மாண்டனர். இதற்கு ஒரு சாபமே காரணம் எனக் குடும்பத்தினர் சிலர் நம்பினர். 1990களின் நடுவில் குடும்பத்தினரே ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடினர். மாவோரியர் தம் வழிமரபை வாய்மொழியாகப் பல தலைமுறைக்குப் பேணுபவர். ‘வகபாபா’ எனப்படும் அவ்வழிமரபு அறிவு ஆய்வுக்குப் பெருந்துணை ஆயிற்று. பாரி கில்ஃபோர்டு தலைமையிலான குழு, சிடிஎச்1 என்னும் மரபணுவின் திரிபே காரணம் என்பதை 1998இல் வெளியிட்டது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆய்வகம் விடையைக் கண்டது. ஆனால் வினாவை எழுப்பியதும் தலைமுறை வரைபடத்தை ஈந்ததும் குடும்பமே. குடும்பத்தினர் தம் இறப்புகளை ஒருசேர வைத்துப் பார்த்திராவிடில் அம்மரபணுவை அக்காலத்தில் தேடியிருக்க இயலாது.

திரிபு செயற்படும் முறை

சிடிஎச்1 மரபணு 16ஆம் குறுமவகத்தில் உள்ளது. ஈ-கேட்ஹெரின் என்னும் புரதத்தை ஆக்குவது இதன் பணி. இப்புரதம் அண்டை அணுக்களைப் பிணைக்கும் பசை போன்றது. ஒவ்வொருவருக்கும் இம்மரபணுவின் இரு படிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. திரிபுற்ற படி ஒன்றைப் பெற்றவருக்கு எஞ்சிய நல்ல படியே போதிய புரதத்தைத் தரும். ஆகவே பிறவியில் நோய் இல்லை. வாழ்நாளில் ஏதேனும் ஓர் இரைப்பையணுவில் அந்த இரண்டாம் படியும் செயலிழந்தால், அவ்வணு பிணைப்பை இழந்து அலையத் தொடங்கும். பரவல்வகைப் புற்றின் அணுக்கள் தனித்தனியே பிரிந்து கிடப்பதன் காரணம் இதுவே. மரபுவழி வருவது நோயன்று, நோய்க்கான இடர் மட்டுமே என்னும் கூற்றின் பொருளும் இதனால் விளங்கும்.

இத்திரிபு ஓங்கு மரபுநிலையில் கடத்தப்படுவது. திரிபுடையவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது வர 50% வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு இரைப்பைப் புற்றோடு, சிற்றிதழ்வகை மார்பகப் புற்றின் இடரும் மிகும்.

இடரின் அளவு குறித்த மதிப்பீடு காலந்தோறும் மாறியுள்ளது. 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, 80 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பை ஆண்களுக்கு 70%, பெண்களுக்கு 56% எனக் கணித்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு அதனை முறையே 42%, 33% எனக் குறைத்தது. முந்தைய ஆய்வுகள் நோய் மிகுந்த குடும்பங்களையே தேர்ந்தெடுத்தன. பிந்தையது, பல மரபணுக்களை ஒருசேரச் சோதித்தபோது அகப்பட்ட குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. எனவே ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்படும் விழுக்காடு, அக்குடும்பத்தின் சொந்த வரலாற்றோடு சேர்த்தே பொருள்கொள்ளத்தக்கது.

பிற மரபணுக்களும் கிருமியின் கூட்டும்

மரபுவழி இரைப்பைப் புற்று ஒரு மரபணுவோடு முடிவதில்லை. சிடிஎன்என்ஏ1 திரிபும் பரவல்வகைப் புற்றுக்கு ஏதுவாகும். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்கள் மரபிழைப் படியெடுப்பில் நேரும் பிழையைத் திருத்துவன. இவற்றின் திரிபால் வரும் லிஞ்ச் நோய்த்தொகுதியில் பெருங்குடல், கருப்பை உட்சுவர், சூலகம், இரைப்பை எனப் பல உறுப்புகளில் புற்று தோன்றலாம். இவையன்றி ஏபிசி, எஸ்டிகே11, டிபி53 ஆகியவற்றின் திரிபுகளும் இடர் தருவன. இவை யாவும் சேர்ந்தும், மொத்த இரைப்பைப் புற்றில் ஏறத்தாழ 1 முதல் 3% வரையே தெளிவான மரபுவழி நோய்த்தொகுதிகளால் வருவது. குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் நோயுறுதல் ஏறத்தாழ 10% நோயாளரிடம் காணப்படுகிறது. ஒரே வீடு, ஒரே உணவு, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் ஒரே கிருமி ஆகியவையும் இத்திரட்சிக்குக் காரணமாதல் கூடும்.

மரபும் சூழலும் இருவேறு காரணங்கள் என்னும் கருத்தை 2023இல் வெளியான சப்பானிய ஆய்வு மாற்றியமைத்தது. 10,426 நோயாளரையும் 38,153 பிறரையும் ஒப்பிட்ட அவ்வாய்வு, ஒன்பது மரபணுக்களின் திரிபு இரைப்பைப் புற்றோடு தொடர்புடையது எனக் கண்டது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், பால்பி2 ஆகியன அவற்றுள் அடங்கும். இந்நான்கும் மரபிழையின் இரு புரிகளும் ஒருசேர அறுந்தால் அதனைச் சீர்செய்யும் பணியில் ஈடுபடுவன. எலிக்கோபேக்டர் தொற்றோடு இத்தகைய திரிபும் உடையவருக்கு 85 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 45.5% எனவும், தொற்று மட்டும் உடையவருக்கு 14.4% எனவும் மதிப்பிடப்பட்டது. கிருமி மரபிழையை அறுக்கிறது. திரிபு அதனைத் தைக்க விடாமல் தடுக்கிறது. கிருமித் தொற்று மலிந்த நம் நாட்டுக்கு இம்முடிவு முதன்மையானது. திரிபை மாற்ற இயலாது. ஆனால் கிருமியை எளிய மருந்துகளால் நீக்கலாம்.

உறவுச்சொல் தரும் தடுமாற்றம்

குடும்ப வரலாறு கேட்கும் மருத்துவர் இரத்த உறவின் அளவைக் கணக்கிடுகிறார். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் முதல்நிலை உறவினர். ஒருவரிடம் உள்ள திரிபு மற்றவரிடமும் இருக்கும் வாய்ப்பு 50%. தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார் இரண்டாம்நிலை, வாய்ப்பு 25%. அவர்தம் மக்கள் மூன்றாம்நிலை, வாய்ப்பு 12.5%.

தமிழ் உறவுமுறை இக்கணக்கின்படி அமைந்ததன்று, மணவுறவின்படி அமைந்தது. யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்பதே அதன் அச்சாணி. ஆகவே மூன்று தடுமாற்றங்கள் நேர்கின்றன.

முதலாவது, பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் மக்களும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்றே அழைக்கப்படுவர். ‘என் தம்பி வயிற்றுப் புற்றால் இறந்தான்’ என்று ஒருவர் சொல்லுமிடத்து, அவர் உடன்பிறந்தாரைக் கருதினால் வாய்ப்பு 50%. சித்தப்பா மகனைக் கருதினால் 12.5%. ஒரே சொல்லுக்குள் நான்கு மடங்கு வேறுபாடு மறைந்து நிற்கிறது.

இரண்டாவது, ‘அத்தை’ என்னும் சொல் தந்தையின் உடன்பிறந்தாளையும், தாய்மாமன் மனைவியையும், மாமியாரையும் குறிக்கும். ‘மாமா’ என்பதும் தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் ஆகிய மூவருக்கும் பொது. இவருள் ஒருவர் இரண்டாம்நிலை இரத்த உறவினர். மற்ற இருவர் இரத்தத் தொடர்பே இல்லாதவராகவும் இருக்கலாம். ‘அத்தான்’, ‘மதினி’ ஆகிய சொற்களும் இவ்வாறே முறைமக்களையும் மணவழி வந்தோரையும் ஒருங்கே சுட்டும்.

மூன்றாவது, குடும்பம் என்றவுடன் நினைவுக்கு வருவது பங்காளி வழியே. மணமாகிச் சென்ற பெண்கள் வேறு வீட்டாராக எண்ணப்படுவர். அத்தைக்கு வந்த மார்பகப் புற்று ‘அந்த வீட்டு நோய்’ ஆகிவிடுகிறது. மரபணுவோ ஆண்வழி, பெண்வழி என வேறுபாடு பார்ப்பதில்லை. சிடிஎச்1 திரிபின் அடையாளங்களுள் ஒன்று மார்பகப் புற்று என்பதால், பெண்வழியை விட்ட வரலாறு பாதி வரலாறே ஆகும்.

இத்தடுமாற்றங்களை நீக்கும் கருவியும் தமிழிலேயே உள்ளது. ‘கூடப்பிறந்த’, ‘ஒன்றுவிட்ட’, ‘இரண்டுவிட்ட’ என்னும் அடைகள் மரபியல் வேண்டும் துல்லியத்தை இயல்பாகவே தருவன. ‘ஒன்றுவிட்ட தம்பி’ என்பது மூன்றாம்நிலை உறவினன் என்பதற்கு நேர்ச்சொல். வினவுவோர் இவ்வடைகளைத் தாமே எடுத்தாளுதல் வேண்டும்.

நோய்ப்பெயர் தரும் தடுமாற்றம்

‘வயிறு’ என்னும் சொல் பேச்சு வழக்கில் இரைப்பையையும், குடலையும், கருப்பையையும், முழு வயிற்றுப் பகுதியையும் குறிக்கும். ‘வயிற்றில் கட்டி’ என ஒரு மூதாட்டியின் இறப்பைக் குடும்பம் நினைவுகூர்ந்தால், அது இரைப்பை, பெருங்குடல், சூலகம், கருப்பை ஆகிய எதுவாகவும் இருக்கலாம். இரைப்பைப் புற்று சிடிஎச்1 திரிபை நினைப்பிக்கும். பெருங்குடலும் கருப்பையும் சேர்ந்து வரின் லிஞ்ச் தொகுதியை நினைப்பிக்கும். ‘மகோதரம்’ என்பது வயிற்றில் நீர் கோத்தலைக் குறிப்பது. இது ஈரல் சுருக்கத்தாலும் வரும், முற்றிய பரவல்வகைப் புற்றாலும் வரும். சித்த மருத்துவம் கூறும் ‘குன்மம்’ செரிமானம் சார்ந்த பல நோய்நிலைகளுக்குப் பொதுப்பெயர். அதனைப் புற்றோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. ‘அல்சர்’ என்று சொல்லி முடிக்கப்பட்ட இறப்புகளும் உண்டு.

இளவயதினர் ஒருவர் உண்ட உணவு தங்காமல் மெலிந்து இறந்தால், ‘யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்’ என்னும் நம்பிக்கை தமிழகச் சிற்றூர்களில் நிலவுவது. மாவோரிக் குடும்பம் சாபம் என்று கருதியதற்கு இது இணையானது. இத்தகைய சொல்லை மூடநம்பிக்கை என ஒதுக்கின் ஒரு சான்றை இழப்போம். நோய்க்குறியையும் இறந்தோர் வயதையும் அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

முறைமணமும் மரபுவழி இடரும்

முறைமணத்தால்தான் இந்நோய் வருகிறது என்னும் கருத்து பிழையானது. ஓங்குநிலைத் திரிபு கடத்தப்படுதற்கு ஒரு பெற்றோரிடம் இருந்தாலே போதும். எனினும் முறைமணம் இரு வகையில் கணக்கை மாற்றுகிறது.

அத்தை மகனை மணந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். பொதுத் தாத்தாவிடம் திரிபு இருந்தால், அது அவர் மகன்வழி மணமகளுக்கும் மகள்வழி மணமகனுக்கும் வந்திருக்கக்கூடும். ஆகவே இத்தகைய குடும்பத்தில் ஒருவருக்குத் திரிபு கண்டறியப்பட்டால் துணைவரையும் இரத்த உறவினராகவே கருதிச் சோதிக்க வேண்டும். இருவருமே திரிபுடையோராயின், பிள்ளைக்கு இரு படிகளும் திரிபுற்று அமையும் வாய்ப்பு 25%. லிஞ்ச் தொகுதி மரபணுக்களில் இவ்வாறு நேரின், குழந்தைப் பருவத்திலேயே மூளைக்கட்டி, இரத்தப் புற்று, குடற்புற்று தோன்றும் கடிய நோய்நிலை உண்டாகிறது. தமிழகத்தில் உறவுத் திருமணம் இன்றும் நான்கில் ஒன்றுக்கும் மேலாக நிகழ்வதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுவதால் இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று.

எல்லையால் பிரிந்த சான்றுகள்

தென்காசி வட்டாரத்துக்கே உரிய இடர்ப்பாடு மற்றொன்று உண்டு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. மணவுறவும் வணிகமும் புளியரை, ஆரியங்காவு வழியாக மலைக்கு இருபுறமும் பரந்தன. இன்றும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்வோர் உளர். திருநெல்வேலி, மதுரை, சென்னைக்குச் செல்வோரும் உளர். இதனால் ஒரே குடும்பத்தின் மூன்று நோயாளரின் திசுச்சோதனை அறிக்கைகள் மூன்று ஊர்களில் கிடத்தல் கூடும். தனித்தனியே காண்போர்க்கு ஒவ்வொன்றும் ஒற்றை நோயாளரே. ஒருங்கே வைத்தால்தான் மரபுவழி புலப்படும். அவ்வறிக்கையில் ‘முத்திரை மோதிர அணு’ என்னும் ஒரு தொடர் இருப்பதே சோதனைக்கு வழிகாட்டும். மெழுகில் பதித்த திசுக்கட்டை மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருப்பின், நோயாளர் இறந்த பின்னும் அதனைச் சோதிக்கலாம்.

சோதனையும் அதன்பின்னும்

2020இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, குடும்பத்தில் இருவருக்கு இரைப்பைப் புற்று இருந்து அவற்றுள் ஒன்றேனும் பரவல்வகையாக இருத்தல், ஒருவருக்கு 50 வயதுக்குள் பரவல்வகைப் புற்று வருதல், ஒருவருக்குப் பரவல்வகைப் புற்றும் மற்றொருவருக்கு 70 வயதுக்குள் சிற்றிதழ்வகை மார்பகப் புற்றும் இருத்தல் ஆகியன சிடிஎச்1 சோதனைக்குரியன. பரவல்வகைப் புற்றுடையவரிடமோ அவர் குடும்பத்திலோ உதடு அல்லது அண்ணப் பிளவு இருத்தலும் ஓர் அடையாளம்.

நோயுற்றவரையே முதலில் சோதித்தல் முறை. அவரிடம் திரிபு கண்டறியப்பட்டால், உறவினருக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தாலே போதும். செலவு பெரிதும் குறையும். திரிபு பெறாத உறவினர் அச்சத்திலிருந்து விடுபடுவர் என்பதும் சோதனையின் பயனே.

சில வேளைகளில் ‘பொருள் தெளிவுறாத மாற்றம்’ என்னும் விடை வரும். உலக மரபணுத் தொகுப்புகளில் ஐரோப்பியர் மிகுந்தும் இந்தியர் குறைந்தும் இருப்பதால் இவ்விடை நம்மவர்க்கு மிகுதி. அதனைக் கொண்டு அறுவை முடிவெடுத்தல் தகாது. 10,000 இந்தியரின் முழு மரபணுத் தொகுதியைப் பதிவுசெய்த ஜீனோம் இந்தியா திட்டம் இக்குறையைப் படிப்படியாகக் குறைக்கும்.

சிடிஎச்1 திரிபு உறுதியானோர்க்கு 20 முதல் 30 வயதுக்குள் இரைப்பையை முழுமையாக அகற்றுதல் பரிந்துரைக்கப்படுகிறது. அகநோக்கியில் இரைப்பை இயல்பாகத் தோன்றினும், நுண்ணிய புற்றுக்குவைகள் படலத்தின் அடியில் மறைந்திருத்தல் இதன் காரணம். அறுவையை ஏற்காதோர் ஆண்டுதோறும் அகநோக்கிச் சோதனையும் 30 அளவிலான திசு மாதிரிகளும் மேற்கொள்வர். இரைப்பை நீக்கப்பட்டோர் சிறுகச் சிறுகப் பலமுறை உண்ண வேண்டும். வாழ்நாள் முழுதும் பி12 உயிர்ச்சத்தைப் பெற வேண்டும். நலமுடன் உள்ள ஒருவர் எடுக்கும் இம்முடிவு எளியதன்று. திருமணமாகாத மகளின் சோதனை முடிவு ஊருக்குத் தெரிந்தால் என்னாகும் என்னும் அச்சமும் குடும்பங்களுக்கு மெய்யானது. எனவே சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனையும், முடிவை மறைவாகக் காத்தலும், அறிய விரும்பாதவரின் உரிமையை மதித்தலும் இன்றியமையாதன.

வினவும் முறை

மேற்கூறியவற்றால், தமிழில் குடும்ப வரலாறு பெறுவோர் கேட்கத்தக்க வினாக்கள் இவையாம்:

1. அவர் உங்கள் கூடப்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா?
2. அந்த அத்தை உங்கள் அப்பாவோடு பிறந்தவரா, மாமாவை மணந்து வந்தவரா? மணந்து வந்தவராயின், அதற்கு முன்பே உறவா?
3. மணமாகிப் போன பெண்கள், அவர்தம் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் மார்பகத்திலோ வயிற்றிலோ கட்டி வந்தவர் உண்டா?
4. உண்டது தங்காமல் வாந்தி வந்ததா, மலத்தில் இரத்தம் போயிற்றா, மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டதா?
5. இறந்தபோது வயது என்ன? வயது தெரியாவிடில், அப்போது மூத்த பிள்ளைக்கு என்ன வயது?
6. கடைசியாக எந்த ஊரில் பார்த்தார்கள்? சீட்டு ஏதேனும் வீட்டில் உள்ளதா?

முடிவுரை

மரபுவழி இரைப்பைப் புற்று அரியது. ஆயினும் முன்னரே அறிந்தால் தடுக்கத்தக்கது. அறிதற்கான முதற்படி மொழியில் நிகழ்கிறது. தமிழ் உறவுச்சொற்கள் குறையுடையன அல்ல. அவை வேறொரு நோக்கத்துக்காக அமைந்தவை. அந்நோக்கத்தை அறிந்து வினவினால், அவற்றைக் கொண்டே மரபியல் வரைபடத்தைத் துல்லியமாக வரையலாம். உறவுமுறையை ஆராயும் தமிழியலாரும் குடும்ப வரலாறு எழுதும் மருத்துவரும் இணைந்து, வட்டாரந்தோறும் வழங்கும் உறவுச்சொற்களையும் நோய்ப்பெயர்களையும் இரத்த உறவின் நிலையோடு பொருத்திய கையேடு ஒன்றை உருவாக்குதல் வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் போல மரபுவழிப் புற்றுநோயை ஆராயும் நிறுவனங்களுக்கு அது பயன்படும். தென்காசியின் ஒரு சிற்றூரில் ‘எங்கள் தம்பி’ என்று தொடங்கும் ஒரு கூற்று எந்தத் தம்பியைக் குறிக்கிறது என்று கேட்பதில், உயிரோடிருக்கும் மற்றொரு தம்பியின் வாழ்வு அடங்கியிருத்தல் கூடும்.